அக்கா சொல்லாத பதில்

ரிச்மண்ட், வர்ஜீனியா
9 ஜூன் 2025

அன்புள்ள அபி,

வியாழக்கிழமையிலிருந்து பதினோரு முறை கூப்பிட்டுவிட்டேன். நீ எடுக்கவில்லை. ஒரு முறை நிவேதா எடுத்து, "அவரு பட்டறைல இருக்காரு அண்ணி" என்றாள். பின்னால் உன் இருமல் கேட்டது. பாவம், உன் மனைவிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீ கேட்டது இதுதான். பம்பின் தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் வளையம், சோதனையில் நூற்றெண்பது மணி நேரத்தில் விரிசல் விட்டுவிட்டது, ஏன்? எந்தப் பம்பு என்று நான் கேட்டேன். அணுமின் நிலையத்துப் பம்பு என்றாய். "இதப் பத்தி என்னால பேச முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாய் என்பதும், பட்டறை ஆட்கள் முப்பத்திரண்டு பேரும் சுற்றி நின்றார்கள் என்பதும் பிறகு நிவேதா சொல்லித்தான் தெரியும்.

நான் வைத்த விதம் தப்பு. அதற்கு மன்னித்துக்கொள். பதில் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இங்கே 1954-ல் எழுதிய அணுசக்திச் சட்டம் ஒன்று இருக்கிறது. வேறொரு நாட்டுக்கு அணு உலையோ எரிபொருளோ கொடுப்பதென்றால் முதலில் அந்த நாட்டோடு ஒப்பந்தம் வேண்டும். வாங்கியது மின்சாரத்துக்கு மட்டும்தான், ஆயுதத்துக்கு இல்லை, எங்களைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்று அதில் வரிசையாக நிபந்தனைகள். இந்தியாவோடு 2008-ல் அந்த ஒப்பந்தம் ஆனது, உனக்கும் தெரியும். ஆனால் தொழில்நுட்ப அறிவுக்கு அது மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் இங்குள்ள எரிசக்தித் துறை தனியாக அனுமதி தர வேண்டும். சில நாடுகளுக்குப் பொதுவாகவே அனுமதி உண்டு. அந்தப் பட்டியலில் நம் நாடு இல்லை. வரைபடத்தை அனுப்பினாலும், போனில் வாயால் சொன்னாலும் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

மறுநாள் காலை என் அலுவலகச் சட்டப் பிரிவுக்குப் போய், தம்பி இப்படிக் கேட்டான், நான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இனி நாம் எழுதிக்கொள்ளும் ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் அங்கே வைக்கப்போகிறேன். உனக்குத் தெரியாமல் அதைச் செய்ய மனம் வரவில்லை.

அன்புடன்,
மாலினி அக்கா


வேங்கிக்கால், திருவண்ணாமலை
26 ஜூன் 2025

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நகல் எடுத்து வைக்கிறாயாமே, நன்றாக வைத்துக்கொள். அங்கே தமிழ் படிக்க ஆள் இருக்கிறதா?

நீ போனை வைத்ததும் போர்மேன் சடையன்தான் முதலில் கேட்டார். "இன்னா தம்பி, கூடப் பொறந்தவங்களே இப்டி டக்குனு வச்சிட்டாங்க?" லைன் கட்டாகிவிட்டது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நீ இருபத்திரண்டு வருடமாகச் செய்யும் வேலையே இந்த சீல்தான் என்று அவர்களிடம் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருப்பேன்!

இது விளையாட்டு இல்லை. இந்த வளையத்தை இதுவரை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறார்கள். இங்கேயே செய்து ஐந்நூறு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிக் காட்டினால் ஆர்டர் எங்களுக்கு என்று பம்பு செய்யும் சென்னைக் கம்பெனி சொல்லியிருக்கிறது. மூன்றே வாய்ப்பு. ஒன்று போய்விட்டது. இதை நம்பி விவசாய பம்பு வேலையை விட்டுவிட்டோம். மூன்றும் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

நான் குண்டு செய்யப் போகிறேனா? நிபந்தனை, பட்டியல் என்று எழுதியிருக்கிறாய். நாம் என்ன திருடர்களா? பாஸ்போர்ட் மாறினால் புத்தியும் மாறிவிடுமா? அப்பாவிடம் சொன்னேன். அவர் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கடலைக்காட்டுப் பக்கம் போய்விட்டார்.

என் தொழில் மூழ்கும்போது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லாத அக்கா எனக்கு எதற்கு? இதற்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்.

அபிநந்தன்


ரிச்மண்ட்
12 ஜூலை 2025

அன்புள்ள அபி,

எடுத்துக்கொண்டேன்.

நீ திருடன் இல்லை. ஆனால் நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். அந்தச் சட்டத்தை இத்தனை இறுக்கியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. அமைதியான வேலைக்கென்று கொடுத்தது 1974-ல் போக்ரான் சோதனை வரை போய்விட்டது என்று கோபப்பட்டுத்தான் 1978-ல் நிபந்தனைகளைக் கூட்டினார்கள். அது நியாயமா இல்லையா என்று நீயும் நானும் ஒரு நாள் முழுக்கச் சண்டை போடலாம், எனக்கு ஆசைதான். சண்டை முடிந்தாலும் சட்டம் அங்கேயே இருக்கும்.

சிறைக்குப் பயந்து சொல்லவில்லை என்று நினைக்காதே. பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதையும் யோசித்துப் பார். உன்னிடம் சொன்னால் உன் சென்னைக் கம்பெனிக்குப் போகும். அவர்களிடமிருந்து எங்கே போகும் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்குப் போகும் ஒன்றைத் தம்பி என்பதற்காக அவிழ்த்துவிட்டால், நாளைக்கு இன்னொருத்தி தன் தம்பிக்கு அவிழ்ப்பாள். அவன் நல்லவனாக இருப்பான் என்று யார் சொல்ல முடியும்?

முறையாக அனுமதி கேட்க முடியுமா என்று எங்கள் சட்டப் பிரிவில் விசாரித்தேன். முடியும். ஆனால் விண்ணப்பத்தை இரண்டு கம்பெனிகள் சேர்ந்து போட வேண்டும், டெல்லியிலிருந்து நம் அரசாங்கம் உறுதிமொழி தர வேண்டும், குறைந்தது ஒரு வருடம் ஆகும். உனக்கு அத்தனை நாள் இல்லை.

ஒன்று மட்டும் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அச்சிட்டு விற்பதை அது தடுப்பதில்லை. நான்கு புத்தகங்கள் அனுப்பியிருக்கிறேன். பட்டியலைச் சட்டப் பிரிவில் காட்டிக் கையெழுத்து வாங்கியாயிற்று. எதிலும் அடிக்கோடு கிடையாது, மடித்த பக்கம் கிடையாது. தேடாதே. எனக்குப் பதில் தெரியுமா தெரியாதா என்பதைக்கூட எழுத மாட்டேன்.

அப்பாவை வெயிலில் அலைய விடாதே.

அக்கா


வேங்கிக்கால்
4 ஆகஸ்ட் 2025

அக்கா,

புத்தகங்கள் வந்தன. தேடினேன். நான்கையும் ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிஜமாகவே ஒரு புள்ளிகூட வைக்கவில்லை நீ.

இரண்டாம் சோதனையும் போய்விட்டது. இருநூற்றுப் பத்து மணி நேரம். பௌர்ணமிக் கூட்டத்தில் வளையத்துக்கான பொருளோடு பைபாஸில் சிக்கிய லாரி இரண்டு நாள் தாமதமாக வந்ததால் வளையங்களை அவசரமாகப் பாலிஷ் போட்டோம். அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

புத்தகங்களை நந்தினி எடுத்துப் போயிருக்கிறாள். கீழ்பென்னாத்தூர்ப் பெண், ஐ.டி.ஐ. படித்தவள், பாலிஷ் பிரிவில் இருக்கிறாள். போன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் படிக்கிறாளாம்.

மூன்றாம் சோதனை அக்டோபர் நடுவில்.

அபி


வேங்கிக்கால்
29 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். இதை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பிரசாத் என்று ஒருவன் பட்டறைக்கு வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, பெரிய கார். இயந்திரப் பாகங்களுக்கு ஏஜென்ட் என்றான். எங்கள் இரண்டு சோதனையும் தோற்றது அவனுக்குத் தெரிந்திருந்தது. நீ யார் என்பதும் தெரிந்திருந்தது.

"உங்க அக்கா சொல்லாதத நான் தரேன் சார்" என்று ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தான். "இதுல எல்லாமே இருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க."

"பதிலுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டேன்.

"ஜாஸ்தி ஒண்ணும் இல்ல. ஜெயிச்சதுக்கப்புறம் நான் சொல்ற எடத்துக்கும் கொஞ்சம் செஞ்சி குடுக்கணும். எந்த ஊருக்குப் போவுதுன்னு நீங்க கேக்கக் கூடாது."

பென்டிரைவை வைத்துவிட்டுப் போய்விட்டான். அக்கா, நான் அதை உடனே தூக்கி எறியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே முப்பத்திரண்டு பேர் வேலை செய்யும் சத்தம். பிறகு கம்ப்யூட்டரில் செருகினேன்.

முதல் கோப்பைத் திறந்தேன். வரைபடத்தின் கீழ்மூலைதான் முதலில் தெரிந்தது. உன் கம்பெனி பெயர். அதன் கீழே, வரைந்தவர் என்ற இடத்தில், அப்பாவின் முதலெழுத்தும் உன்னுடையதும், ஜே.எம். அந்த 'ஜே'யின் வாலை நீ பள்ளிக்கூட நோட்டிலிருந்தே அப்படித்தான் இழுப்பாய். உடனே மூடிவிட்டேன். மேலே நகர்த்திப் பார்க்கவில்லை. நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

என் முன்னால் உன் முகத்தை வைத்துக்கொண்டு உன் பையிலிருந்து திருடுவது போல இருந்தது. அப்புறம்தான் இன்னொன்றும் உறைத்தது. "எந்த ஊருக்குப் போவுதுன்னு கேக்கக் கூடாது" என்றானே, ஜூலையில் நீ என்னிடம் கேட்ட கேள்விதானே அது?

பென்டிரைவை வக்கீல் சக்கரபாணியிடம் கொடுத்துவிட்டேன், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே இருக்கிறாரே, அவரிடம். கவரில் போட்டு, ஒட்டி, தேதி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

உன் வரைபடம் வெளியே வந்திருக்கிறது, அக்கா. உனக்குத் தெரிய வேண்டும். இதையும் நகல் எடுப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அபி


ரிச்மண்ட்
11 செப்டம்பர் 2025

என் அபி,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். படித்து முடித்துவிட்டு நேராகச் சட்டப் பிரிவுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு என் கணவர் தருமன் சொன்னார். "ஒருத்தருக்கும் தெரியாதே மாலினி. உன் பேரு போட்ட ட்ராயிங், உன் தம்பி மேசையில. நீயே போயிக் குடுத்தா யாரு நம்புவாங்க?" அவர் சொன்னது போலத்தான் ஆகியிருந்தது. அன்று மத்தியானமே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்கத்திலிருந்தும் ஆள் வருவார்களாம்.

நீ மேலே நகர்த்திப் பார்க்கவில்லை என்பதை நம்புகிறேன். யாரும் கேட்காமலே நம்புகிறேன். அந்தக் கதவைச் சாத்திய அரை மணி நேரத்தை நினைக்க நினைக்க, உன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் ஒரு போனை வைத்தேன், அவ்வளவுதான். எனக்கு மூட வேண்டிய பட்டறை கிடையாது.

சக்கரபாணி சாரை வைத்துப் போலீஸில் முறையாக எழுதிக் கொடு. கவரைப் பிரிக்காமல் கொடு. எனக்கு என்ன ஆகும் என்று யோசித்து ஒரு வரியைக்கூடக் குறைக்காதே.

அக்கா


வேங்கிக்கால்
30 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரசாத்தைப் பற்றி இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். உனக்கு வேலை போனால் அதற்கு நான்தான் காரணம் என்று மனசு அடித்துக்கொள்கிறது. நிவேதா பார்ஸ்வநாதருக்கு வேண்டிக்கொண்டு இருக்கிறாள்.

இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்வி இல்லை இது, செய்தி மட்டும்.

நாங்கள் பாலிஷ் போட்ட வளையத்தின் மேல் கண்ணாடித் தட்டை வைத்து, மஞ்சள் விளக்கில் பார்ப்போம். கண்ணாடியில் விழும் ஒளிக் கோடுகள் நேராகத் தெரிந்தால் பரப்பு சமம், வளைந்தால் கோணல். எங்கள் வளையங்களில் எப்போதும் நேராகத்தான் இருக்கும். போன வியாழக்கிழமை நந்தினி உடைந்த வளையங்களை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சார், விரிசல் எல்லாம் போல்ட்டு இருக்கிற பக்கமே வந்துக்குது, பாருங்க."

"ஆமா."

"நாம பாலிஷ் போட்டதும் வெளக்குல பாக்குறோம். மூடியில மாட்டி முடுக்குனப்புறம் என்னைக்காவது பாத்தோமா?"

சடையன், "அதெல்லாம் பாக்குற வழக்கம் இல்லம்மா" என்றார். அன்றே மூடியில் மாட்டிப் பார்த்தோம். வளையத்தை அழுத்திப் பிடிக்கும் அந்த மூடியின் போல்ட்டை முடுக்க முடுக்க, நேராக இருந்த கோடுகள் எங்கள் கண்முன்னாலேயே வளைந்தன. வளையத்தில் குற்றமே இல்லை, அக்கா. பிடிக்கிற பிடியில் குற்றம். சடையன் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். "நாலு மாசமா நம்ம கையாலயே நெரிச்சிக்கினு இருந்தோமே!"

புத்தகத்தில் இருந்ததா என்று கேட்டேன். "இல்ல சார். மேடு பள்ளம் பத்தி மூணாவது புக்குல ஒரு பாடம் இருக்கு. அதப் படிச்சப்புறம் எதப் பாத்தாலும் கோணலாவே தெரியுது" என்றாள்.

மூடியை மாற்றிச் செய்கிறோம்.

அபி


ரிச்மண்ட்
21 அக்டோபர் 2025

அன்புள்ள அபி,

கடிதத்தின் பின்பாதியைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். புரிந்துகொள்.

விசாரணை முடிந்தது. ஐந்து நாள், நீளமான மேசை, எதிரே நான்கு பேர். என் கணினி, போன் எல்லாம் பார்த்தார்கள். நம் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்க்க ஒரு தமிழ்ப் பேராசிரியரை அமர்த்தியிருந்தார்கள். நான்காம் நாள், அரசாங்கத்திலிருந்து வந்த அம்மாள் உன் ஜூன் மாதக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். "என் தொழில் மூழ்கும்போது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லாத அக்கா எனக்கு எதற்கு?" வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரகசியத்தை வாங்கியவன் இப்படித் திட்டி எழுத மாட்டான்" என்றார்.

ஆமாம் அபி. நீ என்மேல் காறித் துப்பிய வரிதான் எனக்குச் சாட்சி சொன்னது.

வரைபடம் கசிந்தது எங்களுக்குப் பாகம் செய்து தரும் வேறொரு கம்பெனி வழியாக என்று கண்டுபிடித்தார்கள். நீ சொல்லியிருக்காவிட்டால் இன்னும் கசிந்துகொண்டுதான் இருக்கும். அந்த அம்மாள் உன் பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அ-பி-நந்-தன். எழுதிக்கொண்டார்.

அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். உன்னோடு தொழில் பேச மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். ஏற்கனவே அப்படித்தான் இருக்கிறேன் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா


வேங்கிக்கால்
24 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

ஐந்நூறு மணி நேரம். ஐந்நூறு முடிந்தும் நிறுத்த மனம் வராமல் அறுநூற்று நாற்பது வரை ஓட்டினோம். கசிவை அளக்கும் குழாயில் ஒரு நாளைக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர்கூட இல்லை. சென்னைக் கம்பெனியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் வளையத்தைக் கழற்றி, மஞ்சள் விளக்கில் பார்த்துவிட்டு, "இத யாரு பாலிஷ் போட்டது?" என்று கேட்டார். நந்தினி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

ஆர்டர் வந்துவிட்டது. அதில் ஒரு பக்கம் முழுக்க நிபந்தனைகள். எழுத்தில் அனுமதி இல்லாமல் வரைபடத்தை யாருக்கும் காட்டக் கூடாது, எந்த நாட்டுக்கும் அனுப்பக் கூடாது. முன்பு என்றால் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். இந்த முறை எல்லோரையும் கூட்டி வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அப்போதுதான் உன் கதையையும் சொன்னேன். லைன் கட்டாகவில்லை, அக்காதான் வைத்தாள், ஏன் வைத்தாள், அதற்கப்புறம் என்ன பட்டாள் என்று எல்லாவற்றையும்.

அப்பாவும் வந்திருந்தார். ஜூனிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், எல்லோர் எதிரிலும் சொன்னார்: "அவ அன்னைக்கே சரியாத்தான் செஞ்சா. எனக்குத் தெரியும். உங்கிட்ட சொன்னா நீ இன்னும் உடைஞ்சி போயிடுவன்னுதான் காட்டுக்குப் போயிட்டேன்."

நந்தினி கண்டது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்க மாட்டேன். நீ ஜூனில் சொல்லியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். ஆனால் அது உன் வேலையாக இருந்திருக்கும். இப்போது இது எங்களுடையது. எங்கே கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

அந்த ஜூன் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உன்னைக் காப்பாற்றியதே அதுதான் என்கிறாய். என்ன செய்வது, மன்னிப்பும் கேட்க முடியாமல் செய்துவிட்டாய். அதனால் இதை மட்டும் எழுதுகிறேன். உன்னைப் போல இருக்க எனக்கு ஆசை, அக்கா.

அபி


ரிச்மண்ட்
9 டிசம்பர் 2025

அன்புள்ள அபி,

சமையலறையில் உட்கார்ந்து உன் கடிதத்தைத் தருமனுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா பேசிய இடத்தில் நின்றுவிட்டேன். மீதியைத் தருமன் வாசித்தார்.

என்னைப் போல இருக்க வேண்டாம். நான் சொல்லாமல் இருந்தவள், நீ செய்து காட்டியவன். இரண்டில் எது கடினம் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி சென்னைக்கு வருகிறோம். மறுநாள் திருவண்ணாமலை. கடலை வறுத்து வைக்கச் சொல்லி நிவேதாவிடம் சொல். அப்பாவோடு இரண்டு வாரம் இருக்கப்போகிறேன்.

பட்டறைக்குள் வர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் நிற்கிறேன். நந்தினியைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பி வை. சீலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவள் கையை ஒரு முறை பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா